மொட்டை மாடிக்கு இருபத்தொரு படி

லீபெருக்கு அந்தப் பெயரை வைத்தது அவர் அப்பா. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், எந்த அரசாங்கமும் வேண்டாம் என்கிற கட்சி. பிள்ளைக்கு 'விடுதலை' என்று பொருள் வரும்படி பெயர் வைத்துவிட்டு, கூட்டத்துக்குக் கூட்டம் அதைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டார். பெயர் வைக்கிறவர்களுக்கு என்ன, வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அந்தப் பெயரோடு லீபெர் எச்செகோயென் முப்பத்தொரு வருஷம் மொந்தெவிதேயோ நகரத்தில் பஸ் ஓட்டினார். குன்றடியில் ஏறினால் பழைய ஊர்ச் சுங்கச்சாவடி, அங்கே திரும்பினால் மறுபடி குன்றடி. ஒரே பாதை, ஒரே இருக்கை, முழங்காலோடு ஒட்டிக்கொண்டு கொதிக்கும் எஞ்சின். ஓய்வு பெறும்போது மிஞ்சியது இரண்டு: பிடித்துக்கொண்ட முதுகு, பாதி மந்தமான காது.

ஓய்வு பெற்றதும் கிழக்கே ரோச்சா பக்கம் கடலோரத்தில் ஒரு தகரக் கொட்டகை போட்டு மீன் பிடிப்பதாக ஏற்பாடு. தூண்டிலெல்லாம் வாங்கியாகிவிட்டது. நாலாவது மாசம் அவர் மனைவி நீபியாவுக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் இடது காலும் விழுந்தன. அவள் இருபது வருஷம் கம்பளி கழுவும் ஆலையில் நின்றவள். நுரையீரல் ஏற்கெனவே பஞ்சடைத்துக் கிடந்தது. வாய்க்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. இரண்டு வருஷமாக அவள் தெருவில் இறங்கியதெல்லாம் ஆம்புலன்ஸ்காரர்கள் நாற்காலியோடு தூக்கிப் போன இரண்டு முறைதான். தூண்டில் இப்போது அலமாரிக்குப் பின்னால் நிற்கிறது.

"கிழவா, தலைகாணி." "கிழவா, ஜன்னலை மூடு, காத்து அடிக்குது." "கிழவா, அந்த மாத்திரை வெள்ளையா மஞ்சளா?" ஒரு நாளைக்கு எத்தனை 'கிழவா' என்று அவர் எண்ணியதில்லை. எண்ணினால் பைத்தியம் பிடிக்கும் என்று அவருக்குத் தெரியும். அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது; அவளுக்குக் கூப்பிட வேறு யார் இருக்கிறார்கள்?

அதனால்தான் மொட்டை மாடி. வீட்டு வாசலிலிருந்து இருபத்தொரு படி. காலை ஒரு தடவை, சாப்பிட்ட பிறகு ஒரு தடவை, பொழுது சாயும்போது ஒரு தடவை. பேட்டையில் இருக்கும் செடி வளர்ப்போர் சங்கத்தில் எட்டு வருஷமாக அவர் பெயர் பதிந்திருக்கிறது. மாசம் நாற்பது கிராம் கஞ்சா சட்டப்படி தருவார்கள். அவர் பாதிதான் வாங்குவார். வாலிபத்தில் தொடங்கிய பழக்கம், இப்போது முதுகுக்கு என்று பெயர். மேலே போய், தண்ணீர்த் தொட்டியின் மறைவில் நின்று, தாளில் சுருட்டியதைப் பற்றவைத்தால், அது விரலைச் சுடுகிற வரை பத்து நிமிஷம். துணிக் கொடிகளுக்கு அப்பால் ஆறு தெரியும். பெயர்தான் ஆறு, அக்கரை கிடையாது, பால் ஊற்றிய தேநீர் நிறம். அந்தப் பத்து நிமிஷம் அவரை யாரும் கூப்பிட மாட்டார்கள். உண்மையைச் சொன்னால் அவருக்குப் புகைமேல் அவ்வளவு ஆசையில்லை. கையில் புகையும் சுருள் இருந்தால், ஏன் மேலே போனாய் என்று ஒருவரும் கேட்கப்போவதில்லை.

அக்டோபரில் ஒரு மத்தியானம் தெற்குக் காற்று பேயாக அடித்தது. லீபெர் மேலே நின்றார். கீழே நீபியா மேசைமேல் இருந்த போனை எட்டப் பார்த்து நாற்காலியிலிருந்து சரிந்தாள். கத்தினாள். காற்றும் கொடியில் படபடத்த துணியும் அந்த மந்தக் காதும் சேர்ந்து அவருக்கு ஒன்றும் எட்டவிடவில்லை. அன்றைக்கென்று பத்து நிமிஷம் இருபதாக நீண்டிருந்தது. லேசான சிரிப்போடு அவர் கதவைத் திறந்தபோது அவள் கன்னத்தைத் தரையில் வைத்துக் கிடந்தாள்.

"நல்லா இருந்துச்சா மேல?" என்று கேட்டாள் தரையிலிருந்தே.

எலும்பு முறியவில்லை. கன்னத்தில் மட்டும் நீலம். ஆனால் பார்சலோனாவில் இருக்கும் மகள் யனினாவுக்குச் செய்தி போய்விட்டது. கடல் தாண்டிப் போன பிள்ளைகளுக்கு யோசனை சொல்லும் உரிமை கூடுதலாக வந்துவிடுகிறது, அது ஏனோ தெரியவில்லை. குரல்பதிவாக அனுப்பினாள். ஏழு நிமிஷம்.

"அப்பா, நான் திட்டல. ஆனா நீங்க அம்மாவை விட்டுட்டு மேல போறது இனிமே கூடாது. வீட்டுக்குள்ள புகைச்சா அம்மாவுக்கு மூச்சு வாங்கும், அதுவும் கூடாது. வேப்பரைசர்னு ஒண்ணு இருக்கு, புகையே வராது. சமையலறை ஜன்னல்கிட்ட உக்காந்தே இழுக்கலாம். அம்மா கண்ணு முன்னாடியே இருக்கலாம். எவ்வளவு சௌகரியம் பாருங்க."

எவ்வளவு சௌகரியம்! லீபெர் அதை இரண்டாம் முறை போட்டுக் கேட்கவில்லை. அவருக்கு நெஞ்சுக்குள் ஏதோ கதவு சாத்திய மாதிரி இருந்தது. ஆனால் தரையில் கிடந்த கன்னத்தைப் பார்த்தவர் எந்த வாயால் மறுப்பார்? சரி என்றார்.

சங்கத்துச் செடிகளைப் பார்த்துக்கொள்கிறவன் டார்தோ. நாற்பது வயது, பெரிய தொப்பை, பேச ஆரம்பித்தால் எவருக்கும் அடங்க மாட்டான். மறுநாளே ஒரு பையில் மூன்று கருவிகளைப் போட்டுக்கொண்டு மூச்சு வாங்க மாடியேறி வந்தான்.

"யோவ் ஒல்லி, விஷயம் ஒண்ணுதான். எரிச்சா புகை, வாட்டினா ஆவி. இலையை எரிக்காதே, வாட்டு. மூணுல எது ஒத்துவருதோ வச்சுக்கோ, மத்ததைக் கொடுத்துடு."

"மூணும் ஒத்துவரலைன்னா?" என்றார் லீபெர்.

"அது எப்படி ஒத்துவராம போகும்?" என்றான் டார்தோ. லீபெருக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை.

முதல் கருவி மேசைமேல் வைப்பது. அடுப்பு மாதிரி சூடேறி ஆவியை ஒரு நீளப் பைக்குள் ஊதும். பை புஸ்ஸென்று உப்பிக்கொண்டே போய்க் கூரையைத் தொட்டது. சத்தம் முடி உலர்த்தும் மெஷின் சத்தம்.

"யாருக்குக் கிழவா பொறந்த நாள்?" என்றாள் நீபியா. சிரிக்கப்போய் இருமல் வந்து, இருமலுக்கு மருந்து ஆவி பிடித்து, ஒருமணி நேரம் போயிற்று. வீட்டில் அதை வைக்க இடமும் இல்லை. அவளுடைய சக்கர நாற்காலி திரும்ப வேண்டிய மூலையில்தான் அது உட்கார வேண்டியிருந்தது. அதை எடுத்துப் பைக்குள் வைத்தபோது லீபெருக்கு ஒன்று கழிந்தது என்று நிம்மதி.

இரண்டாவது, விரல் நீளத்தில் ஓர் இரும்புக் குழல். நுனியில் இலையை அடைத்து, லைட்டரால் வெளியே சுற்றிச் சுற்றிச் சூடாக்க வேண்டும். போதுமான சூடு வந்ததும் மூடி 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் போடும், அப்போது நிறுத்திவிட வேண்டும். டார்தோ செய்து காட்டினான், அவன் காதுக்குக் கேட்டது. லீபெரின் காதோ அந்தச் சத்தத்துக்கெல்லாம் திறக்கிற காதல்ல. சூடாக்கிக்கொண்டே இருந்தார். இலை கருகிப் புகை கிளம்பி, விரலும் சுட்டு, அடுத்த அறையில் நீபியாவுக்கு மூச்சு இழுத்தது.

"டிக்குன்னு நாலு தடவை கேட்டுச்சே, உனக்குக் கேக்கலையா?" என்று மூச்சுக்கு நடுவே கத்தினாள் அவள்.

"கேக்கல."

"நான் விழுந்ததும் உனக்குக் கேக்கலதான்." இரண்டாவதும் கழிந்தது. இந்த முறை நிம்மதி வரவில்லை.

மூன்றாவது கையடக்கம், சோப்புக் கட்டி அளவு. ஒரு சின்னக் குழி, மூடி, உறிஞ்சும் வாய், சூட்டின் அளவு காட்டும் எண். டார்தோ போன பிறகு லீபெர் சமையலறை ஜன்னலருகே உட்கார்ந்தார். இலையை நுணுக்கிக் குழியில் போட்டார். கட்டைவிரலால் அழுத்தினார். சூட்டின் எண்ணை இருக்கிற உச்சத்துக்கே ஏற்றினார். பச்சை விளக்கு எரிந்ததும், நாற்பது வருஷமாகச் சுருளை இழுத்த மாதிரியே இரண்டு குட்டை இழுப்பு, வெடுக் வெடுக்கென்று. மூச்சை உள்ளே பிடித்து வைத்தார். வறண்ட சூடு தொண்டையில் கீறியது. வேறு ஒன்றும் இல்லை. மறுபடி இழுத்தார். காற்று.

"வேலை செய்யல," என்று அவர் சொன்னபோது குரலில் சந்தோஷம் எட்டிப் பார்த்தது. மறைக்கத் தெரியாத மனுஷன்.

மறுநாள் காலை இருவரும் மாத்தே குடிக்க உட்கார்ந்தார்கள். இந்த ஊரில் கஞ்சாவை விட்டவன் இருக்கலாம், மாத்தேயை விட்டவன் கிடையாது. சுரைக் குடுக்கையில் இலைத்தூளை ஒரு பக்கமாகச் சரித்து மேடு கட்டி, பள்ளத்தில் வெந்நீர் ஊற்றி, உலோகக் குழலால் உறிஞ்சுவது. ஒருவர் ஊற்றுவார், குடிப்பவர் காலிக் குடுக்கையைத் திருப்பித் தருவார், மறுபடி ஊற்றித் தருவார், இப்படிப் பிளாஸ்க் தீரும்வரை. நடுவில் நன்றி சொல்லக்கூடாது. நன்றி சொன்னால் போதும், இனி வேண்டாம் என்று கணக்கு. நீபியா பிளாஸ்கின் கடைசிச் சொட்டு வரை நன்றி சொல்லாதவள்.

"அதைக் கொண்டா பாப்போம்," என்றாள், கருவியைக் காட்டி. நல்ல கையால் மூடியைத் திறந்து குழியைப் பார்த்தாள். பார்த்ததும் அவள் தோள் குலுங்க ஆரம்பித்தது.

"கிழவா, இதுல மாத்தே கட்டி வச்சிருக்கியே!"

லீபெர் எட்டிப் பார்த்தார். உண்மைதான். ஐம்பது வருஷப் பழக்கம், கை தானாகவே செய்திருந்தது. இலையைக் குழியின் ஒரு பக்கமாகச் சரித்து, மேடு கட்டி, அழகாக அழுத்தியிருந்தார். மறுபக்கம் வெறும் பள்ளம். சூடான காற்று அந்தப் பள்ளத்தின் வழியாக ஜாலியாகப் போய்வந்திருக்கிறது. மேட்டின் உச்சி கருகி, அடி பச்சையாகவே கிடந்தது.

"சூடு எவ்வளவு வச்ச?"

"இருக்கிறதுலயே அதிகம்."

"கொதிக்கிற தண்ணிய என் மாத்தேயில ஊத்துவியா நீ? ஊத்தினா குடுக்கையை உன் தலையில அடிக்க மாட்டேன்? இலை வெந்து கசந்து போகாது? குறைச்சு வை. நூத்தி எண்பதுல வை. மேடு கட்டாதே, சமமாப் பரப்பு. அழுத்தாதே. வெடுக்குன்னு இழுக்காதே, மாத்தேயை எவனாவது வெடுக்குன்னு இழுப்பானா? நாக்கு வெந்துடும். மெதுவா, பத்து எண்ணுற வரைக்கும். உள்ள பிடிச்சு வைக்காதே, விட்டுடு."

கம்பளி ஆலையில் பத்துப் பெண்களை மேய்த்த குரல் அது. இரண்டு வருஷமாக அவள் யாருக்கும் எதையும் சொல்லிக்கொடுத்ததில்லை. முகத்தில் இரத்தம் ஏறியிருந்தது. லீபெர் அவள் சொன்னபடியெல்லாம் செய்தார். செய்யாமல் இருக்க ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

பத்து எண்ணும் வரை இழுத்தார். கஷ்டமில்லாமல் வந்தது. இலையின் சுவை நாக்கில் தெரிந்தது. ஆரஞ்சுத் தோல் மாதிரி, பைன் மரம் மாதிரி. நாற்பது வருஷம் புகைத்தும் அதற்கு ஒரு சுவை உண்டு என்று அவருக்குத் தெரியாது. மெல்லிய வெள்ளை ஆவி ஜன்னல் பக்கம் போய்க் கலைந்தது. நீபியா இருமவில்லை. ஐந்து நிமிஷம் காத்திருந்து இன்னொரு முறை, அப்புறம் இன்னொரு முறை. முதுகின் முடிச்சு ஒவ்வொன்றாக அவிழ்வது தெரிந்தது. முதுகு இளக இளக அவருக்குப் புரிந்தது. இது வேலை செய்கிறது. இனிமேல் மேலே போக எந்தக் காரணமும் இல்லை. சாகிற வரை இந்த ஜன்னல், இந்த நாற்காலி, இந்தக் 'கிழவா'.

"வருதா?" என்றாள் நீபியா, பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஆசையோடு.

"வரல," என்றார் லீபெர்.

"கொஞ்சம்கூடவா?"

"தொண்டைதான் கீறுது. எனக்கு இதெல்லாம் சரிவராது, கிழவி."

அவள் முகத்தில் ஏறியிருந்த இரத்தம் இறங்கியதை அவர் பார்த்தார். பார்த்தும் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. அன்று மத்தியானமே ஒரு சுருளைச் சுருட்டிக்கொண்டு, அவள் கழுத்தில் போனை ஒரு நாடாவில் கட்டித் தொங்கவிட்டு, மேலே போனார். ஒரு வாரம் அப்படிப் போனார். யனினாவிடமும் ஒத்துவரவில்லை என்றே சொன்னார். பாவம் அப்பா, வேறு மாடல் பார்க்கிறேன் என்றாள் அவள். ஆனால் ஆறு அதே ஆறு இல்லை. தொட்டி மறைவில் நின்றால் அந்த 'வரல' என்கிற சொல் கூடவே வந்து நின்றது.

அடுத்த வாரம் கருவிகளைத் திரும்ப வாங்க டார்தோ வந்தான். நீபியா மாத்தே ஊற்றச் சொன்னாள். மூவருக்கும் குடுக்கை சுற்றிக்கொண்டிருந்தது. டார்தோ சும்மா இருக்கிற கை உடையவன் அல்ல. சோப்புக் கட்டிக் கருவியை எடுத்தான், மூடியைத் திறந்தான். நீபியா சொன்னபடி இழுத்த அந்த ஒரு தடவைக்குப் பிறகு லீபெர் அதைச் சுத்தம் செய்யவில்லை. அது அவருக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"இது வேலை செய்யலன்னு எவன் சொன்னது?" டார்தோ குழியை வெளிச்சத்துக்குத் திருப்பினான். "ஒல்லி, இங்க பாரு. காப்பிக்கொட்டை நிறம். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வாடியிருக்கு. ஒரு துளி பச்சை இல்ல, ஒரு துளி கருப்பு இல்ல. சங்கத்துல நாற்பது பேர் இருக்கானுங்க, ஒருத்தனுக்கு இப்படி வர மாட்டேங்குது. யார் வேலை இது?"

"நான் சொல்லிக்கொடுத்தேன்," என்றாள் நீபியா.

"அக்கா, நீங்க சங்கத்துக்கு வந்து வகுப்பு எடுக்கணும்!"

"மூணு மாடி தூக்கிட்டுப் போறியா?" என்றாள். டார்தோ சிரித்தான். அவன் ஒருவன்தான் சிரித்தான். அந்தக் கருவியை இங்கேயே வைத்துக்கொள்ளச் சொல்லி, மற்ற இரண்டையும் தூக்கிக்கொண்டு போனான். படியில் அவன் செருப்புச் சத்தம் இறங்கி முடிந்தது.

"அன்னிக்கு வந்துச்சு, இல்ல?" என்றாள் நீபியா.

"வந்துச்சு."

"அப்புறம் ஏன் அப்படிச் சொன்ன?"

லீபெர் பிளாஸ்கைத் திருகி மூடினார், திறந்தார், மூடினார். அறுபத்தாறு வயதில் திருட்டு மாட்டிக்கொண்டால் முகத்தை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. "நான் புகைக்காகப் போகல. அங்க யாரும் என்னைக் கூப்பிட மாட்டாங்க. அதான்."

"யாரும்னா நான்தான்."

"ஆமா. நீதான்."

சொல்லிவிட்டார். சொன்னதும் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும் போலிருந்தது. நீபியா அழவில்லை, கத்தவும் இல்லை. மடியில் கிடந்த இடது கையை வலது கையால் எடுத்து, வேறு இடத்தில் வைத்தாள், யாருடைய பொருளையோ எடுத்து வைப்பது போல.

"எனக்கும் வீட்டை விட்டு ஓடணும்னு தோணும், கிழவா. இந்தக் கையையும் காலையும் விட்டுட்டு. எனக்கு மாடி இல்ல."

அவர் குடுக்கையில் வெந்நீர் ஊற்றி நீட்டினார். மூன்றாவது சுற்றுதான். பிளாஸ்கில் முக்கால்வாசி இருந்தது. அவள் கடகடவென்று சத்தம் வரும்வரை உறிஞ்சி, குடுக்கையைத் திருப்பிக் கொடுத்தாள்.

"நன்றி," என்றாள்.

கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்தில் மூன்றாவது சுற்றில் அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததில்லை. லீபெர் குடுக்கையைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார்.

"என்ன பாக்குற? மாத்தே முடிஞ்சது. போ மேல. பத்து நிமிஷம். சுருள் வேண்டாம், வெறுங்கையோட போ. போறதுக்குப் பொய்க் காரணம் வேண்டாம்."

"நீ?"

"நான் எங்க போகப்போறேன்?"

இருபத்தொரு படி ஏறினார். சுருள் இல்லாமல் அந்த மாடியில் அவர் நின்றதே இல்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பைக்குள் விட்டார், வெளியே எடுத்தார். வெயில் நன்றாக இருந்தது. ஆற்றில் ஒரு சரக்குக் கப்பல் அசையாமல் நின்றது. காற்று கூட இல்லை. எதிர்வீட்டுக் கதவு கிறீச்சிட்டபோது திரும்பினார். தெருவில் ஒரு பெண் யாரையோ கூப்பிட்டபோது திரும்பினார். கொடியிலிருந்து ஒரு கிளிப் தரையில் விழுந்த சத்தத்துக்கு, இவருடைய அந்த மந்தக் காதுக்கு அது எப்படி எட்டியதோ, படிக்கட்டு வரை ஓடிவிட்டார். அங்கே நின்று கேட்டார். கீழே ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததுதான் அவரைப் பிடுங்கித் தின்றது. தொட்டி மறைவுக்குத் திரும்பிப் போகப் பார்த்தார், கால் வரவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். நான்கு நிமிஷம்.

கதவைத் திறந்தபோது நீபியா விட்ட இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள், ஜன்னலைப் பார்த்தபடி. திரும்பவில்லை.

"இன்னும் ஆறு நிமிஷம் இருக்கே," என்றாள். "அங்கயும் நான் கூப்பிட்டேனா?"

லீபெர் வாசல்படியில் நின்றார். பொய் சொல்ல அவருக்கு ஒரு நொடி இருந்தது.

"கூப்பிட்ட," என்றார்.